சின்னப் பாய்ப்படகுக்கு ஒரு குசினி: கபினுக்குள்ளா, கொக்பிட்டிலா?

22 அடி, 24 அடிப் பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் குசினி போடும் பேச்சை எடுத்தால் முதலில் அடுப்பைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பர்னர், எந்தக் கம்பனி, என்ன விலை என்று போகும் பேச்சு. அதற்கு முன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். தீ எந்த இடத்தில் எரியப்போகிறது? எரிபொருளை இரவில் எங்கே வைக்கப்போகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் அடுப்பைத் தெரிவு செய்வது லேசு. மட்டக்களப்பு வாவியிலும் அதையொட்டிய கடலிலும் ஓடும் சின்னப் படகு என்றால், தீயும் வெளியே, எரிபொருளும் வெளியே, மற்றதெல்லாம் கபினுக்குள் என்பதுதான் என் பதில். எல்லாப் படகுக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்கிறேன்.

பேச்சுக்கு என் மச்சானின் படகையே எடுத்துக்கொள்வோம். பாலமீன்மடுப் பக்கம் கட்டியிருக்கிறது. 22 அடி பைபர் படகு, நிறை ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் மேல். கபினுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம். இரண்டு பக்கமும் படுக்கை, நடுவில் கால் வைக்க ஒடுக்கமான தளம், பின்னால் இறங்கும் படி. படிக்கு அப்பால் கொக்பிட், அதாவது சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இருக்கும் திறந்த பள்ளம். தங்கச்சியோடு வார இறுதியில் ஓர் இரவு தங்குவான், திருகோணமலைக்கு ஒருமுறை ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. வெளிநாட்டுப் படகுகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, சிங்க்கும் இரட்டை பர்னரும் வைத்த நிரந்தரக் குசினி ஒன்று அவன் மனதில் ஏறிவிட்டது. தங்கச்சிக்கு அதில் உடன்பாடில்லை. "அண்ணா, கச்சான் காலத்துல இந்தக் கபினே அடுப்புத்தான். அதுக்குள்ள இன்னொரு அடுப்பா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சின்ன அடுப்பு ஒன்றே 2 கிலோவாட் அளவுக்குச் சூடு தரும். அதில் பாதிக்கு மேல் சட்டியில் ஏறாமல் கபினுக்குள்தான் சுற்றும். ஐரோப்பாவில் குளிருக்குள் ஓடும் படகுக்கு அது லாபம். இங்கே ஆடி ஆவணியில் கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கும்போது, வெயிலில் நின்ற கபினுக்குள் அரை மணி நேரம் சோறு ஆக்கினால் அன்றிரவு அங்கே படுக்க முடியாது. நம்முடைய கடலோட்டக் காலமும் அதே மாதங்கள்தான். வடகீழ்ப் பருவ மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் பெரும்பாலான சின்னப் படகுகள் கரையில் கிடக்கும். ஆக, படகில் சமைக்கும் நாட்களில் அநேகம் வெயில் நாட்கள். மழைக்குள் சமைப்பதை மனதில் வைத்து முழுக் குசினியையும் கபினுக்குள் கொண்டுபோவது சரியான கணக்கு இல்லை.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதலாவது, மச்சான் கேட்கும் நிரந்தரக் குசினி. போடுவதென்றால் இறங்கும் படிக்குப் பக்கத்தில் போடவேண்டும். படகின் நடுப்பகுதிக்கு அருகில் ஆட்டம் குறைவு, வாசலால் காற்றும் வரும், சமைக்கிறவர் ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொள்ளலாம். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்முனையில் வைத்தால் சின்ன அலைக்கும் சட்டி துள்ளும். நிரந்தரக் குசினியில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், எடுப்பதும் வைப்பதும் இல்லை. ஆனால் 22 அடிப் படகில் அது ஒரு படுக்கையின் தலைப்பக்கத்தை விழுங்கிவிடும். பலகை, பைபர், சிங்க், அடுப்பு என்று 25, 30 கிலோ வந்துவிடும். தண்ணீரும் சாமானும் சேர்ந்தால் ஒரே பக்கத்தில் 60 கிலோவைத் தாண்டும். ஒரு தொன் படகு அந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். மறுபக்கம் பற்றரியை வைத்துச் சமன் செய்யலாம், ஆனால் அதற்கு முதலே யோசித்திருக்கவேண்டும்.

இரண்டாவது, கொக்பிட் இருக்கைக்கு அடியில் இருந்து லாச்சி மாதிரி கபினுக்குள் இழுக்கும் குசினி. படத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். தளபாடக் கடைகளில் விற்கும் லாச்சித் தண்டவாளம் உப்புக் காற்றில் ஒரு பருவம் ஓடுவதே பெரிய காரியம். செய்தே தீருவேன் என்றால் உலோகத்தை விட்டுவிட்டு, வெட்டுப்பலகைக்குப் பாவிக்கும் தடித்த பிளாஸ்டிக்கை வழுக்குப் பட்டியாகப் போடுங்கள். இதற்கு மேல் இந்த வழியில் எனக்கு ஆர்வமில்லை.

மூன்றாவது, பெட்டிக் குசினி. அடுப்பு, சட்டி, தட்டு, கரண்டி, தேயிலை, சீனி, உப்பு எல்லாம் ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஓடும்போது அது கபினுக்குள் படிக்குக் கீழே நிற்கும். நங்கூரம் போட்டதும் தூக்கிக் கொக்பிட்டில் வைத்து மூடியைத் திறந்தால் குசினி. எல்லாம் சேர்த்து 15 கிலோவுக்குள் அடக்கிவிடலாம், ஒருவர் தூக்கலாம். படகில் ஒரு துளைகூடப் போடவேண்டாம். படகை விற்றால் பெட்டி உங்களோடு வரும். வீட்டில் கரன்ட் போன அன்றும், பாசிக்குடாவுக்குக் குடும்பத்தோடு போகும் அன்றும் இதே பெட்டி உதவும். கொக்பிட்டில் சமைக்கும்போது அங்கே வேறு யாரும் வசதியாக இருக்க முடியாது என்பது குறை. காற்று சுடரை அடிக்கும் என்பது அதைவிடப் பெரிய குறை. பிற்பகலில் கடல்காற்று எழும்பிய பிறகு வெட்டவெளியில் கேத்தில் கொதிக்கவே கொதிக்காது. பெட்டியின் மூடியும் இரண்டு பக்கக் கதவும் திறந்து நின்று காற்றைத் தடுக்கும்படி செய்தால்தான் இது வேலை செய்யும்.

நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது, குசினியே இல்லாமல் போவது. கடையில் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு ஏறுவது. ஓர் இரவுப் பயணத்துக்கு இதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் பலமுறை இதைத்தான் செய்கிறேன்.

இனி எரிபொருள். இங்கேதான் நேரம் எடுத்து யோசிக்கவேண்டும்.

காஸ் எல்லாருக்கும் பழக்கமானது, சுத்தமானது, பற்றவைத்த நொடியில் முழுச் சூடு. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சுமார் 15 கிராம் போதும். ஆனால் காஸ் காற்றைவிடப் பாரமானது. அதில் இருக்கும் புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கொஞ்சமாவது கதவடியால் வெளியே போகும். படகு அடியில் ஓட்டையில்லாத கிண்ணம். கசிந்த காஸ் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கி, இறைக்கும் மோட்டரின் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மச்சானின் கபினுக்குள் காற்று இருக்கும் இடம் 4 கன மீற்றர் அளவு. கையடக்க அடுப்புக்குப் போடும் 220 கிராம் பியூட்டேன் டின் ஒன்று முழுவதும் கசிந்தால் 90 லீற்றருக்கு மேல் வாயு வரும். அது அந்தக் காற்றில் 2 வீதத்தைத் தாண்டும். பியூட்டேன் 1.8 வீதத்திலேயே வெடிக்கும். ஒரேயொரு சின்ன டின் முழுக் கபினுக்கும் போதுமென்றால், 5 கிலோ சிலிண்டரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்தபோது எத்தனையோ வீடுகளில் சிலிண்டரை வளவுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். படகில் அந்தப் புத்தி எல்லா நாளும் வேண்டும்.

பெரிய படகுகளில் இதற்கு முறையான வழி இருக்கிறது. சிலிண்டர் மேலே, கபினோடு தொடர்பில்லாத மூடிய அறையில் இருக்கும். அந்த அறையின் அடியிலிருந்து ஒரு குழாய் நீர்மட்டத்துக்கு மேலே, படகுக்கு வெளியே திறக்கும். கசிந்தது கடலுக்குப் போய்விடும். அடுப்புக்குப் போகும் குழாய் ஒரே துண்டு, சிலிண்டருக்குப் பக்கத்தில் வால்வு, கபினுக்குள் வாயு உணரும் கருவி. 22 அடிப் படகில் அப்படி ஓர் அறைக்கு இடம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சிலிண்டரின் தலையிலேயே பர்னரைப் பூட்டும் வகையைச் சிலர் கொண்டுவருகிறார்கள். அடி ஒடுக்கம், உயரம் கூட, மேலே கொதிக்கும் சட்டி. கரையில் நல்லது, படகில் வேண்டாம்.

அப்படியென்றால் டின் போடும் கையடக்க அடுப்பு? கொக்பிட்டில் மட்டும் என்றால் ஆம். சமைத்து முடிந்ததும் டின்னைக் கழற்றிவிடவேண்டும். கழற்றிய டின்கள் வெளியே, பின்பக்கக் கம்பியில் கட்டிய ஓட்டை போட்ட வாளிக்குள் நிழலில் இருக்கவேண்டும், பெட்டிக்குள்ளோ படுக்கைக்கு அடியிலோ போகக்கூடாது. நம்மவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, தாச்சி. இந்த அடுப்பில் டின் பக்கத்திலேயே படுத்திருக்கும். அகன்ற தாச்சியை வைத்தால் அதன் விளிம்பு டின் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டு சூட்டைக் கீழே அனுப்பும், டின் சூடேறி வெடிக்கலாம். காற்றுத் தடுப்பை அடுப்போடு ஒட்டிச் சுற்றிக் கட்டினாலும் அதே கதி. சட்டியின் அகலம் அடுப்பின் தாங்கிக்குள் நிற்கவேண்டும். டின்கள் உப்புக் காற்றில் விளிம்பால் துருப்பிடிக்கும் என்பதால் ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கவும் வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு வேளைச் சோறு, ஒரு கறி, இரண்டு தரம் தேத்தண்ணி என்றால் ஒரு டின் இரண்டு நாளைக்குக் கிட்டப் போகும்.

மண்ணெண்ணெய் இதற்கு நேரெதிர். கசிந்தால் நாறும், ஆனால் அடிப்பள்ளத்தில் வெடிவாயுவாகத் தேங்காது. மீன்பிடி ஊர்களில் கிடைக்கும், என்ஜினுக்கே அதை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மலிவு என்பது மட்டும் பழைய கதை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது இந்தக் கரையில் யாருக்கும் மறக்காது. பம்ப் அடிக்கும் அடுப்பு நல்ல சூடு தரும், காற்றுக்கும் ஓரளவு நிற்கும். ஆனால் முதலில் ஸ்பிரிட், அதாவது எரிசாராயம் ஊற்றி பர்னரைச் சூடாக்கவேண்டும். பொறுமையில்லாமல் சீக்கிரம் திறந்தால் மஞ்சள் சுடர் இரண்டடி எழும்பும். தாழ்ந்த கூரையுள்ள கபினில் அந்தச் சுடருக்கு இடமில்லை. இரைச்சலும் உண்டு. முழுநிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தண்ணீருக்குள் எழும் பாடும்மீன் ஓசையைக் கேட்கப் போகிறவர்கள் தேத்தண்ணியை முதலே போட்டு அடுப்பை அணைத்துவிடவேண்டும். திரி அடுப்பில் இரைச்சல் இல்லை. ஆனால் மெல்லத்தான் கொதிக்கும், சட்டியெல்லாம் கரி, படகு சாய்ந்தால் எண்ணெய் வழியும். அந்த மணம் மெத்தையில் ஏறினால் இலேசில் போகாது.

ஸ்பிரிட் அடுப்பில் நல்ல வகை ஒன்று இருக்கிறது. தாங்கிக்குள் பஞ்சு மாதிரி நிரப்பியிருக்கும், ஊற்றிய ஸ்பிரிட்டை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கவிழ்ந்தாலும் கொட்டாது, அழுத்தமும் இல்லை. கபினுக்குள் தீ வைத்தே ஆகவேண்டும் என்றால் நான் கேட்பது இதைத்தான். ஆனால் மட்டக்களப்பில் தேடி அலையவேண்டும், வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் தரும் சூட்டுக்கு ஸ்பிரிட் ஒன்றரை லீற்றருக்கு மேல் செலவாகும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, எரியும் அடுப்பில் இன்னும் ஊற்றிக் கை சுட்டவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முழுதாக ஆறும் வரைக்கும் நிரப்பவே கூடாது.

மின் அடுப்பை இளம் பொடியன்கள் கேட்கிறார்கள். "அண்ணே, வெயில் சும்மாதானே கிடைக்குது, சோலார் போட்டு இன்டக்ஷன் வைப்பம்." கேட்க நல்லாத்தான் இருக்கிறது. 1000 வாட் இன்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட் பற்றரியிலிருந்து இன்வர்ட்டர் வழியாக 95 அம்பியர் அளவு இழுக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்குச் சுமார் 110 வாட் மணி. இரண்டு பேருக்கு ஒரு வேளைச் சோறு, கறி, தேத்தண்ணி என்றால் 700 வாட் மணியாவது போகும். 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் தைரியமாக எடுக்கலாம், அதாவது 600 வாட் மணி. இவ்வளவு வேகமாக இழுத்தால் அதுவும் தராது. லித்தியம் என்றால் சமாளிக்கலாம். ஆனால் 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் தருவது 400 வாட் மணிக்குள்தான். ஒரு வேளைச் சமையலுக்கே கிட்டத்தட்ட இரண்டு நாள் வெயில். இதற்கு மேல் விரல் தடிப்பில் வயர், பியூஸ், உப்பில் கறுக்கும் இணைப்புகள். ஏற்கெனவே பெரிய லித்தியம் பற்றரி இருந்தால் தேத்தண்ணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குசினிக்காகவே பற்றரி வாங்குவதை நான் சொல்லமாட்டேன்.

எந்த எரிபொருளானாலும் தீ எரியும் நேரத்தைப் பாதியாக்க ஒரு வழி இருக்கிறது. மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டி நம் ஊரில் எங்கும் கிடைக்கும். சோற்றுச் சட்டியை மூடியோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, பச்சையரிசி என்றால் ஐந்து நிமிடம், சிவப்பரிசி என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து இறக்கி, துவாயால் சுற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள். முக்கால் மணி நேரத்தில் சோறு தானாக வெந்திருக்கும். துவாய் இல்லாமல் வைத்தால் சுடுசட்டி ரெஜிபோமை உருக்கிவிடும். அப்புறம் அதே பெட்டியில் ஐஸ் வைக்க முடியாது. இந்த ஒரு பழக்கத்தால் இரண்டாவது பர்னர் தேவையில்லாமல் போகிறது. பெட்டிக் குசினி எனக்குப் பிடித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் வையுங்கள், வெயில் காலத்தில் கொஞ்சம் கூட. 10 லீற்றர் கான் இரண்டு, 20 லீற்றர் கான் ஒன்றைவிட நல்லது, ஒன்று வெடித்தாலும் மற்றது இருக்கும். சிங்க் வேண்டாம். அதற்காக நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளை போட்டால் அந்தத் துளைக்கும் வால்வுக்கும் வாழ்நாள் முழுக்கக் காவல் இருக்கவேண்டும். ஓரத்தில் வைத்த சிங்க், படகு சாயும்போது வெளித் தண்ணீரை உள்ளே கக்கும். ஒரு பிளாஸ்டிக் பேசின் போதும். கடலில் நின்றால் கடல்நீரில் கழுவி நல்ல தண்ணீரில் அலசலாம். வாவித் தண்ணீரில், அதுவும் நகரப் பக்கம், சட்டி கழுவ எனக்கு மனம் வருவதில்லை.

பெட்டியை எப்படிச் செய்வது? எங்கள் தச்சரிடம் கொடுத்த அளவு 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம். 9 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட், உள்ளும் புறமும் ரெசின் பூச்சு. அடுப்பு நிற்கும் பகுதியில் ஸ்டெயின்லெஸ் தகடு, ஆனால் தகட்டைப் பலகையோடு ஒட்டாமல் விரல் அகலம் இடைவெளி விட்டு அடிக்கவேண்டும். ஒட்டினால் சூடு நேராகப் பலகைக்குப் போய்க் காலப்போக்கில் கருக்கிவிடும். சட்டியைப் பிடிக்க நான்கு பக்கமும் தடுப்புக் கம்பி. கொக்பிட் இருக்கையில் பெட்டி வழுக்காமல் இருக்க அடியில் இரண்டு மரக்கட்டை, கொளுவ ஒரு பட்டி. படகு சாய்ந்தாலும் மட்டமாக நிற்கும் ஊஞ்சல் அடுப்பு வேண்டாமா என்று மச்சான் கேட்டான். நங்கூரத்தில் மட்டும் சமைப்பதானால் வேண்டாம், அது ஆடுவதற்கே இன்னொரு பெட்டி அளவு இடம் வேண்டும். வாவிக்குள் தண்ணீர் பெரும்பாலும் அமைதி, பாசிக்குடாவிலும் கச்சான் காலத்தில் பயமில்லை. அறுகம்பேப் பக்கம் போனால் கதை வேறு. அலைச்சறுக்குக்காரர்களுக்கு நல்ல மாதங்கள் நமக்குச் சட்டி கவிழும் மாதங்கள், அங்கே பாணும் சம்பலும் போதும்.

வாவிக்குள் தெற்கே போகிறவர்கள் கல்லடிப் பாலத்தைத் தாண்டப் பாய்மரத்தைச் சாய்க்கவேண்டும். சாய்த்த மரமும் சுற்றிய பாயும் கொக்பிட்டுக்கு மேலேதான் கிடக்கும். அந்த நேரத்தில் அதற்கடியில் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், பாய்த்துணி உருகும். மழைக்குப் படங்கு கட்டிச் சமைக்கும்போதும் இரண்டு முனையும் திறந்திருக்கவேண்டும். சாரத்தோடும் வெறும் மேலோடும் அடுப்படியில் இருக்கிறவர் குறைந்தது ஒரு தடித்த ஏப்ரனாவது கட்டவேண்டும். படகில் தீயைவிடக் கொதிநீர்தான் ஆளைச் சுடும். தீயணைப்பான் அடுப்புக்குப் பின்னால் இருந்தால் எட்டி எடுக்க முடியாது, கபின் வாசலில் கை படும் இடத்தில் மாட்டுங்கள். என்ஜினுக்கு வைத்திருக்கும் பெற்றோல் கானும் அடுப்புப் பெட்டியும் எக்காலமும் ஒரே அறைக்குள் போகக்கூடாது.

நிரந்தரக் குசினி யாருக்குச் சரி? 26, 28 அடிக்கு மேல் படகு, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஒரே மூச்சில் பத்து நாள் கடலில் இருப்பீர்கள், இரண்டு பிள்ளைகளும் வருவார்கள் என்றால் பெட்டி காணாது. அப்போது படிக்குப் பக்கத்தில் நிரந்தரமாகப் போடுங்கள், ஸ்பிரிட் அடுப்பு கிடைத்தால் அது, இல்லையென்றால் வெளியே வடியும் அறையோடு முறையான காஸ். மச்சானின் திருகோணமலைப் பயணம் அந்தக் கணக்கில் வராது. அது ஓர் இரவு ஓட்டம், இரவில் யாரும் சோறு ஆக்கப்போவதில்லை, பிளாஸ்கும் பிஸ்கட்டும் போதும். விடிந்து நங்கூரம் போட்டபின் பெட்டியைத் திறக்கலாம்.

பெட்டி தச்சரிடம் இருக்கிறது. அடுப்பு டின் வகை ஒற்றை பர்னர் என்று முடிவாகிவிட்டது. கபினுக்குள் சிங்க் வரவிருந்த இடத்தில் தங்கச்சி ஒரு சின்ன மின்விசிறி கேட்டிருக்கிறாள், அதற்கு இருக்கிற பற்றரியே தாராளம்.